பிளக் மாட்டுவது யார் வேலை

ரயில்வே லைன் வீடுகளில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். உங்களுக்குச் சில விஷயங்களை விளக்க வேண்டியதில்லை. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுக்கும்போது முதலில் உதற வேண்டும், இல்லாவிட்டால் கரித்தூள் மடிப்பில் தங்கிவிடும். ஷெட்டுச் சங்கு ஊதினால் கடிகாரம் பார்க்க வேண்டாம். அந்தச் சங்கு நேரம் தப்பி ஊதினால் மட்டும் பெண்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். அப்படி நேரம் தப்பி ஊதிய ஒரு சங்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சித்திரையில் தொடங்கி ஆவணியில் முடிந்த கதை. முடிந்தது என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திண்டுக்கல் ஸ்டேஷனைத் தாண்டினால் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் லோகோ ஷெட். ஷெட்டை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள். ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் முற்றம். எங்கள் முற்றத்துக்கும் பக்கத்து வீட்டு முற்றத்துக்கும் நடுவில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். மேற்கே மொட்டைப் பாறையாக மலைக்கோட்டை தெரியும். காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் கரிப்புகை, இன்னொரு பக்கமிருந்து வந்தால் புகையிலைக் கிட்டங்கியின் நெடி. இரண்டும் இல்லாத நாளில் தனக்குத் தலை வலிப்பதாக அத்தை சொல்வாள்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த, எஞ்சின் பாகங்களைப் பூட்டும் பிட்டரின் மனைவி, நத்தத்துப் பக்கத்துக்காரி. அப்பாவை அவள் அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனாள். அவள் வீட்டுக்காரர் மாமா ஆனார். அப்பா அவரை மாப்ள என்பார், அவர் அப்பாவை மச்சான் என்பார். என் அம்மா எனக்கு நாலு வயதிருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் அத்தை வீட்டிலிருந்து சுவருக்கு மேலாக வரும். எனக்குத் தலை பின்னியதும் அந்தச் சுவரில்தான். பள்ளிக்கூடம் புறப்படும் முன் சுவர்மேல் ஏறி, அத்தைக்கு முதுகு காட்டி உட்காருவேன். விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து வைத்திருப்பாள். அந்த எண்ணெயின் வாசனையோடு அவள் கையில் வெங்காய வாசனையும் இருக்கும்.

“ஆடாம உக்காருடி.”

“வலிக்குதத்தை.”

“வலிக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்ல?”

அவளுக்கு ஒரு வயது நிரம்பாத ஒரு பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் என் இடுப்புக்கு வந்துவிடுவான். என் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவான். தம்பியைத் தூக்கிக்கொண்டு சாம்பல் மேடு வரை போய், எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வருவோம். எனக்கு வேறு விளையாட்டுத் துணை இல்லை. தேவைப்படவும் இல்லை.

அப்பா பாய்லர்மேக்கர். எஞ்சினின் வயிறுதான் பாய்லர். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க உள்ளே உப்பும் சேறும் படியும். அதனால் அடிக்கடி ஒவ்வொரு எஞ்சினையும் அணைத்து, ஆறவிட்டு, வயிற்றைக் கழுவ வேண்டும். கழுவுவதற்காகப் பாய்லரைச் சுற்றி ஓட்டைகள் விட்டிருப்பார்கள். ஒவ்வோர் ஓட்டையையும் ஒரு பித்தளைத் திருகு அடைத்திருக்கும். அதற்குப் பெயர் பிளக். கழுவும்போது கழற்ற வேண்டும், கழுவி முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். திருகு பிடிக்கும் வரிகளான மரை தேய்ந்து கழித்துப் போட்ட பிளக் ஒன்றை அப்பா எனக்குக் கொடுத்திருந்தார். கையை இழுக்கும் கனம். புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி வைத்திருந்தேன். சிமெண்டுத் தரையில் கவிழ்த்துச் சுற்றினால் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே சுழலும். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

பிளக்கைக் கழற்றி மாட்டுவது எப்போதும் அப்பாவின் ஆட்கள்தான். அந்தச் சித்திரையில் புதிதாக வந்த போர்மேன், இனிமேல் அந்த வேலையைப் பிட்டர்கள் பார்க்கட்டும் என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டார். ஷெட்டில் இரண்டு சங்கம். பிட்டர்களுக்கு ஒன்று, பாய்லர்காரர்களுக்கு ஒன்று. மரை வைத்துத் திருகுகிற சாமான் எதுவானாலும் அது பிட்டர் வேலை என்றது ஒரு சங்கம். பாய்லரின் உடம்பில் இருக்கிற எதுவானாலும் அது பாய்லர் வேலை என்றது மற்றது. பிளக்குக்கு மரையும் இருந்தது, அது பாய்லரிலும் இருந்தது.

ஒரு திருகுக்காக வளர்ந்த ஆண்கள் இப்படியா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. வேலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போடுவார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்பாவிடம் எடுபிடி வேலைக்கு இரண்டு கலாசிகள் வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே இருந்தார்கள். பிளக் வேலை போய்விட்டால் அவர்களும் போக வேண்டியதுதான். மாமாவின் பக்கத்திலும் அப்படிக் காத்துக்கொண்டிருந்த பையன்கள் உண்டு. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதனால்தான் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் பேச்சு எங்கள் சுவரில்தான் நடந்தது. சாயங்காலம். வெயில் இன்னும் ஓட்டுமேல் இருந்தது. நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“மாப்ள, நீ ஒரு வார்த்த சொன்னா போர்மேன் உத்தரவ மாத்திருவாரு.”

“நான் எப்பிடி மச்சான் சொல்றது? எங்க ஆளுகளுக்கு ஒரு வேல வருது. வேணாம்னு சொல்லச் சொல்றீகளா?”

“அது உங்க வேலையில்லன்னு உனக்குத் தெரியாதா?”

“திருகு போடுறது பிட்டர் வேலையில்லன்னா பின்ன எதுதான் பிட்டர் வேல?”

“அப்ப தங்கச்சி தோட்டுத் திருகாணியும் பிட்டர்தான் போடணும்.”

அத்தை சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள். மாமா எச்சில் துப்பிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு அந்த இரண்டு பேரும் மாப்ள என்றும் மச்சான் என்றும் கூப்பிட்டுக்கொண்டதை நான் கேட்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து அத்தை கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். கொண்டுபோய் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கிண்ணத்தைப் பார்க்கவேயில்லை.

“குடுத்த எடத்துல குடுத்துட்டு வந்துரு.”

“ஏன்ப்பா?”

“சொன்னதச் செய்யி.”

நிறைந்திருந்த கிண்ணத்தைச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், “சரி, போ” என்றாள். மறுநாள் காலையில் நான் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வரவில்லை.

அப்பா எனக்குப் பின்னிவிடப் பார்த்தார். சுத்தியலும் உளியும் பிடித்த கை அது. மூன்று கால்களாகப் பிரிப்பதற்குள் ஒரு கால் நழுவிவிடும். நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் என்னை ஸ்டேஷன் ரோட்டு முடிதிருத்தகத்துக்குக் கூட்டிப்போய், பலகை போட்ட நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்து, “கிராப் வெட்டிருங்க” என்றார். கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார், பொம்பளப் பிள்ளைக்கா என்று. கண்ணாடியில் அப்பாவின் முகம் எனக்குப் பின்னால் தெரிந்தது. ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்ட முகம். அவர் என்னைத் தண்டிக்கவில்லை, அவருக்குத் தெரிந்த வழியில் எனக்கு ஒரு தொந்தரவைக் குறைத்தார். இதை இப்போது சொல்ல முடிகிறது. அன்று வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபோது அத்தை என் தலையைப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன். அவள் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைகாசியும் ஆனியும் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இருப்பது சத்தங்கள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி சிரிக்கும் சத்தம். அவன் தட்டும் தகர டப்பா. அத்தை அவனைக் குளிப்பாட்டும்போது ஊற்றும் தண்ணீர். நான் இந்தப் பக்கம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போடுவேன். ஒருநாள் அவன் என் பெயரின் அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிக்கொண்டே சுவர்வரை தவழ்ந்து வந்துவிட்டான். சுவரின் அடியில் சாக்கடைத் தண்ணீர் போக ஒரு பொந்து உண்டு. அதற்குள் கையை விட்டுத் துழாவினான். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான். அத்தை வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் அழுதது வீட்டுக்குள் போய் நின்றது.

பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஆனால் பாய்லர் பிள்ளைகள் எல்லாரும் பையன்கள். என் தலையைப் பார்த்து எந்தக் கோயில் மொட்டை என்று கேட்டவர்களும் அவர்கள்தான். மத்தியானம் வேப்பமரத்துக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். சோற்றிலும் ரசத்திலும் வெறும் புளிப்பு. அத்தையின் வெஞ்சனம் நாக்குக்கு எவ்வளவு பழகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆடிக்காற்று வந்தது. உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்க் காற்று சாதாரணக் காற்று இல்லை. சாம்பல் மேட்டை அப்படியே அள்ளி வீட்டுக்குள் கொட்டும். அப்படி ஒரு காலையில், அப்பா வேலைக்குப் புறப்படும் நேரம், அவரிடம் இருந்த இரண்டு கலாசிகளில் மூத்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருவரும் கூடத்தில் நின்று பேசியது எல்லாம் கேட்டது.

“அண்ணே, இன்னிக்குக் கழுவப்போறது அந்தப் பழைய எஞ்சின்தான்.”

“தெரியும்.”

“மூணாவது ஓட்டையில மரை தேஞ்சு கெடக்கு. போன தடவையே நீங்க பாத்துப்புட்டு, புதுசா மரை வெட்டணும்னு சொன்னீக. அவுகளுக்குத் தெரியுமோ தெரியாதோ. சொல்லிருவமா?”

அப்பா செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

“திருகு அவுகளதுன்னா மரையும் அவுகளதுதான். பாத்துக்கிரட்டும். சொல்றது நம்ம வேலையில்ல.”

இருவரும் போய்விட்டார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு லைன் கடைசியில் இருந்த குழாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் அத்தை நின்றாள். வேறு யாரும் இல்லை. தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அவள் குடம் நிரம்பும்வரை நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூணாவது ஓட்டை என்ற இரண்டு வார்த்தை என் வாய்க்குள் இருந்தது. அத்தை திரும்பினாள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அவள் என்னோடு பேசி.

“என்னடி, என்னமோ சொல்ல வந்தவ மாதிரி நிக்கிற?”

என் தலையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள்தானே இவள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அதில் ஒரு சுகம் இருந்தது.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சங்கு மூன்று மணி சுமாருக்கு ஊதியது. வகுப்பில் தமிழ்ப் பாடம். லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். வாத்தியார் உட்காரச் சொல்லவில்லை. ஓடினோம். நான் ஷெட் கேட்டுக்கு வந்தபோது மாமாவை ஒரு மரக்கதவில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே வாழை இலை போட்டு மூடியிருந்தது. இலைக்கு வெளியே ஒரு கை தெரிந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். எஞ்சினில் நெருப்பு மூட்டி நீராவி ஏறியதும் அந்தப் பிளக் ஓரத்தில் கசிந்திருக்கிறது. மாமா ஸ்பேனரை வைத்து இறுக்கியிருக்கிறார். தேய்ந்த மரை விட்டுவிட்டது. பாய்லரின் கொதிநீர் அத்தனையும் அந்த ஓட்டை வழியாக அவர்மேல் வந்திருக்கிறது.

மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மதுரைக்குப் போகும் வண்டியை ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் கரிக்கற்கள் மேல் ஓடி வந்தாள். கூட்டத்தில் எத்தனையோ பெண்கள் நின்றார்கள். அவள் நேராக என்னிடம் வந்து தம்பியை என் கையில் திணித்தாள்.

“பிடிடி. பாத்துக்க.”

வண்டி போய்விட்டது. நத்தத்திலிருந்து அவள் மனிதர்கள் வந்து சேரும்வரை, பொழுது சாயும் மட்டும், அவன் என் இடுப்பில் இருந்தான். ஒற்றை எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு மாதமும் நான் ஏங்கியது அதற்குத்தான். அன்றைக்கு அவனை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. மாமாவை இழுத்து வெளியே போட்டது அவர்தான் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நான் சோற்றைப் போட்டு, தட்டில் ஒரு கரண்டியையும் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கரண்டி கீழே விழும் சத்தம் இரண்டு முறை கேட்டது. நான் ஊட்டிவிடப் போகவில்லை. காலையில் அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது.

விசாரணை நடந்தது. மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மூத்த கலாசி பயந்துபோய், அந்த மரை தேய்ந்தது அண்ணனுக்கு முன்னாடியே தெரியும் என்று சொல்லிவிட்டார். அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டார். அங்கே பேசியது சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

“மரை தேஞ்சது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பிட்டரிடம் சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன் சொல்லல?”

“என் வேலை இல்ல.”

பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பெயர் ஆனது. யாராவது என்னைக் கடந்து போனால், “என் வேலை இல்ல” என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள். பிட்டர்கள் அப்பாவின் நிழல் விழும் பக்கம்கூட வரவில்லை. அப்பாவின் சங்கமும் அவரைக் கைவிட்டது. அவர் சொன்ன பதில் அவர்கள் பக்கத்து நியாயத்தையே கெடுத்துவிட்டது என்றார்கள். நிர்வாகம் அவரைப் பதவியில் ஒரு படி கீழே இறக்கியது. கடைசியில் வந்த முடிவு என்ன தெரியுமா? பிளக்கைப் பிட்டர் மாட்ட வேண்டும், மரையைப் பாய்லர்மேக்கர் பார்த்துச் சொல்ல வேண்டும், இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். சித்திரையிலேயே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

மாமாவின் மேல் தவறு இல்லை என்று எழுதினார்கள். அவருக்கு உயிர் தங்கியது. வலது கை மடங்காது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஆவணியில் அத்தை வந்து வீட்டைக் காலி செய்தாள். மாட்டுவண்டியில் சாமான் ஏறுவதை நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். தம்பி நடக்கப் பழகியிருந்தான். அத்தை ஒரு முறை எங்கள் வாசல் வரை வந்தாள். அப்பா ஷெட்டில் இருந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் நானே கேட்டு மதுரையில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொண்டேன். அதற்குப்பின் நானும் அப்பாவும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது லீவு நாட்களில் மட்டும்தான். அவர் என்னை அடித்ததில்லை, எதையும் மறுத்ததில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தும் சொல்லாத மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றும். நானும் தெரிந்து சொல்லாதவள்தான். என்னை மன்னிக்க முடியாததற்கு அவரை வெறுத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பா ஓய்வுபெற்று வடமதுரையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பொங்கலுக்கு வேட்டி துண்டு தபாலில் அனுப்புவேன். எப்போதாவது ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு என் வீட்டுக்கு வருவார். கூடத்தில் உட்காருவார். பேரப்பிள்ளைகளோடு பேசுவார். பிள்ளைகள் விளையாடப் போனபிறகும் என் எதிரே செத்த நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பேன். அப்புறம், “வாரேம்மா” என்று எழுந்துகொள்வார்.

அவர் இறந்த எட்டாம் நாள் வடமதுரை வீட்டில் நான் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கிழவி குடையை ஊன்றிக்கொண்டு வந்தாள். பென்ஷன் வாங்கப்போன இடத்தில் யாரோ சொன்னார்களாம். வாசலில் நின்று என் தலையைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் எனக்கு ஆள் தெரிந்தது.

அத்தை உள்ளே வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை. மாமா நாலு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாராம். தம்பி வடக்கே எங்கேயோ வேலையில் இருக்கிறானாம். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணன் மாதிரி மனுசன் இல்லடி. அன்னிக்கு அவர்பாட்டுக்கு உண்மையச் சொல்லியிருந்தா நாங்க தெருவுலதான் நின்னுருப்போம்.”

“எந்த உண்மை?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“உங்க மாமாகிட்ட அண்ணன் சொல்லிட்டாருல்ல, அன்னிக்குக் காலையிலயே. மாட்டப்போற நேரத்துல கிட்ட வந்து, ‘மாப்ள, மூணாவது ஓட்ட மரை போயிருச்சு, அந்த எஞ்சின விட்ராத’ன்னு சொல்லியிருக்காரு. இந்த மனுசன் கேட்டாத்தான? ‘ஓம் வேலையப் பாத்துக்கிட்டுப் போ’ன்னுட்டாரு. அம்புட்டுப் பேரு முன்னாடி பாய்லர்காரன் பேச்சக் கேட்டா கேவலமாம்.”

என் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

“விசாரணையில சொன்னேன்னு அண்ணன் சொல்லியிருந்தா, சொல்லியும் கேக்கலன்னு இவரு வேலைதான் போயிருக்கும். கையும் போயி வேலையும் போயி, கைப்புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்? அதான் சொல்லலன்னு அவரு தலையில போட்டுக்கிட்டாரு. நான் வீட்டக் காலி பண்ண வந்தப்ப உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன். யாருமில்லன்னு போயிட்டேன்.”

நான் இருந்தேன் என்று சொன்னேன். மற்றதையும் சொன்னேன். குழாயடியில் நின்றது, வாய்க்குள் இருந்த இரண்டு வார்த்தை, அவள் கேட்டது, நான் ஒண்ணுமில்ல என்றது, எல்லாவற்றையும். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய நான் ஒன்பது வயதுப் பிள்ளையின் குரலில் சொல்லி முடித்தேன். அத்தை சமாதானம் சொல்லவில்லை. காலித் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

“சொல்லியிருக்கலாம்டி” என்றாள். பிறகு, “நானும் வந்து உங்க மாமாகிட்டச் சொல்லியிருப்பேன். அவரு என்னயும் போடின்னுருப்பாரு” என்றாள்.

சாப்பிட்டாள். நான் வைத்த வெஞ்சனத்தில் உப்புக் குறைவு என்றாள். பஸ்ஸுக்கு நேரமானதும் அவளோடு ரோட்டுவரை நடந்தேன். புளியமரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளாகத்தான் மறுபடியும் ஆரம்பித்தாள்.

“ஆசுபத்திரியில கெடக்கையில உங்க மாமாவுக்கு மனசு கேக்கல. நான் எழுதிக் குடுத்துர்றேன், அவரு பேரு கெட வேணாம்னு ஒரே அழுக. அண்ணன் கையில கட்டோட மதுரைக்கு வந்தாரு. ‘வாய மூடிக்கிட்டுக் கெட மாப்ள. ஊரு என்ன நெனச்சா எனக்கென்ன? எனக்கு இருக்கது ஒத்தப் பொண்ணு. அது வெவரம் தெரிஞ்சதும் ஏம்ப்பா சொல்லலன்னு எங்கிட்டக் கேக்கும். அப்ப அதுகிட்ட மட்டும் சொல்லிக்கிர்றேன்’னாரு. உங்கிட்டச் சொன்னாரா இல்லையா?”

பஸ் வந்துவிட்டது. அவளை ஏற்றிவிட்டேன். பதிலுக்காக அவள் ஜன்னலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தது.

அப்பா அதற்கப்புறம் இருபத்தேழு வருடம் இருந்தார். நான் கேட்கவேயில்லை.